கார் கிளம்ப மாட்டேங்குதா? முதலில் காதைத் தீட்டுங்கள்

சாவியைத் திருகினால் வண்டி கிளம்பவில்லை. உடனே நம் ஊரில் தெருவில் போகிற நாலு பேர் வந்து நின்றுவிடுவார்கள். ஒருவர் 'பேட்டரி போச்சு' என்பார், இன்னொருவர் 'செல்ஃப் மோட்டார்தான், எங்க மச்சான் வண்டியிலயும் இப்படித்தான்' என்பார், மூன்றாமவர் எதுவும் பேசாமல் வண்டிக்குப் பின்னால் போய், ஆனித் தேருக்குத் தடி போடுகிறவர் மாதிரி தள்ளத் தயாராக நிற்பார். இவர்களில் யார் சொல்வதும் சரியாக இருக்கலாம். ஆனால் யாரும் நம்மிடம் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது: சாவியைத் திருகும்போது என்ன சத்தம் வந்தது?

இந்தக் கேள்வியை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். அக்கா மகளுக்குத் திருச்செந்தூரில் காது குத்து, தாய்மாமன் நான்தான், என் மடி இல்லாமல் விசேஷம் நடக்காது. காலை நாலரைக்குப் பாளையங்கோட்டையில் சாவியைத் திருகினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், அத்தோடு சரி. வாடகைக் கார் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். திரும்பி வந்து ஒரு கடைக்காரரைக் கூப்பிட்டால், மீட்டர்கூட வைத்துப் பார்க்காமல் 'பேட்டரி மாத்திரணும் சார்' என்றார். மாற்றினேன். பதினைந்தாம் நாள் மறுபடியும் 'டக்'. இந்த முறை வண்ணார்பேட்டைப் பக்கமிருந்து வயதான எலக்ட்ரீசியன் அண்ணாச்சி ஒருவர் வந்தார். என்னைச் சாவி போடச் சொல்லிவிட்டு, பானெட்டுக்குள் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார். அப்புறம் கையை உள்ளே விட்டு, இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகிற எர்த் ஒயரை அசைத்தார். ஆடியது. நட்டை இறுக்கினார், வண்டி கிளம்பிவிட்டது. 'லைட்டு பளிச்சுன்னு எரியுது, செல்ஃபு மட்டும் டக்குங்குது. இதுல பேட்டரி எங்க தம்பி வந்துச்சு?' என்றார். பேட்டரி மாற்றும்போது கை பட்டு அந்த ஒயர் கொஞ்ச நாள் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பானெட்டைத் திறப்பதற்கு முன்

சிரிக்காதீர்கள், நிறைய வண்டிகள் இந்தக் கட்டத்திலேயே கிளம்பிவிடும். பட்டன் ஸ்டார்ட் வண்டிகளும் இப்போது வருகிற பல மேனுவல் வண்டிகளும் கிளட்சைத் தரை வரைக்கும் மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும். மிதியடி நழுவி கிளட்சுக்கு அடியில் மடங்கிக் கிடந்தால் மிதி முழுசாக இறங்காது, வண்டியும் அசையாது. ஆட்டோமேட்டிக் என்றால் கியர் பி-யில் இருக்க வேண்டும், பிரேக்கை மிதித்திருக்க வேண்டும். பி-யில் எடுக்கவில்லை என்றால் என்-னில் போட்டுப் பாருங்கள், சில நேரம் அந்த கியர் சுவிட்சுதான் மக்கர் செய்யும். சாவியே திரும்பவில்லையா, ஸ்டீயரிங் லாக் விழுந்திருக்கும். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் லேசாக ஆட்டிக்கொண்டே சாவியைத் திருப்புங்கள்.

ரிமோட் சாவி வண்டியென்றால் சாவிக்குள் இருக்கும் வட்டக் காசு மாதிரி பேட்டரி தீர்ந்திருக்கலாம். பெரும்பாலும் அது சி.ஆர். 2032, வாட்ச் கடையிலேயே கிடைக்கும். அது தீர்ந்தாலும் நிறைய வண்டிகளில் சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டி வைத்து அழுத்தினால் கிளம்பும். டேஷ்போர்டில் சாவி படமோ பூட்டுப் போட்ட கார் படமோ மின்னிக்கொண்டே இருந்தால் அது இம்மொபிலைசர், சாவிக்குள் இருக்கும் சிப்பை வண்டி அடையாளம் தெரிந்துகொள்ளவில்லை என்று பொருள். வீட்டில் இருக்கும் இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள். அதில் கிளம்பினால் கோளாறு சாவியில்தான், வண்டியில் இல்லை.

பெட்ரோல் முள்ளையும் ஒரு பார்வை பாருங்கள். சி.என்.ஜி. வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பல சி.என்.ஜி. வண்டிகள் முதலில் பெட்ரோலில் கிளம்பி அப்புறம்தான் கேஸுக்கு மாறும். கேஸ் இருக்கிறதே என்று பெட்ரோல் டாங்கைக் காய விட்டால் செல்ஃப் சுற்றும், வண்டி எடுக்காது.

இப்போது சத்தம்

ஃபேன், ஏ.சி., பாட்டு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஹெட்லைட்டைப் போட்டு, எதிரே சுவரில் வெளிச்சம் விழுகிற மாதிரி பார்த்துக்கொண்டு, சாவியைத் திருகுங்கள். காதும் கண்ணும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும்.

சத்தமே இல்லை, லைட்டும் எரியவில்லை என்றால் பேட்டரி அடியோடு இறங்கிவிட்டது, அல்லது பேட்டரி மேல் ஒயர் மாட்டுகிற முனை, அதாவது டெர்மினல், கழன்றிருக்கிறது. 'டிக்டிக்டிக்' என்று மிஷின் மாதிரி வேகமாக அடித்து லைட் மங்கினால் பேட்டரியில் கொஞ்சம் உயிர் இருக்கிறது, செல்ஃபைச் சுற்றப் போதவில்லை. ஒரே ஒரு 'டக்', லைட் மங்கவே இல்லை என்றால் செல்ஃப் மோட்டார், அதன் மேல் இருந்து அதற்குக் கரண்டைத் திறந்துவிடும் சொலினாய்டு, அல்லது என் கதை மாதிரி எர்த். லைட் பளிச்சென்று எரிகிறது, ஆனால் ஒரு 'டக்'கூட இல்லை என்றால் கிளட்ச் சுவிட்ச், ரிலே என்கிற குட்டிக் கரண்ட் சுவிட்ச், ஃப்யூஸ் பக்கம் பாருங்கள். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் வண்டி எடுக்கவில்லை என்றால் பேட்டரியை மறந்துவிடுங்கள், கோளாறு பெட்ரோல், டீசல் வருவதிலோ, அதைப் பற்றவைப்பதிலோ, காற்றிலோ இருக்கிறது.

எதுவானாலும் ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். அரை நிமிடம் விட்டு அடுத்த தடவை. வீம்புக்குத் திருகிக்கொண்டே இருந்தால் இருக்கிற பேட்டரியும் இறங்கி, செல்ஃபும் சூடேறி, ஒரு கோளாறு மூன்றாகிவிடும்.

பேட்டரி என்று தெரிந்தால்

முதலில் டெர்மினல். கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள், துளிகூட ஆடக் கூடாது. வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப் போயிருந்தால் அந்தப் பூவே கரண்டைத் தடுக்கும். உவரி, திருச்செந்தூர், கூடங்குளம் என்று கடலோரம் வண்டி நிற்கிறவர்களுக்கு உப்புக் காற்று வேறு, பாடியிலும் எர்த்திலும் துரு சீக்கிரம் ஏறும். 10-ம் நம்பர் ஸ்பேனரால் மைனஸை முதலில் கழற்றுங்கள், அப்புறம் ப்ளஸ். மாட்டும்போது தலைகீழ்: ப்ளஸ் முதலில், மைனஸ் கடைசியில். ஏன் என்றால் மைனஸ் இணைப்பில் இருக்கும்போது ப்ளஸைத் தொட்ட ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும். ஆப்பச் சோடாவைச் சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றி, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து இறுக்குங்கள், மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள். அந்தத் தூள் கையிலும் கண்ணிலும் படக் கூடாது, ஆசிட் அது.

வீட்டில் ஒரு மல்டிமீட்டர் இருப்பது நல்லது, விலை ஒன்றும் பெரிதில்லை. ராத்திரி முழுக்க ஓய்ந்து நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி முழுசாக இருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கு மட்டும் போதாது. ஒருவர் சாவியைத் திருக, இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் சுமார் 9.6-க்குக் கீழே விழுந்தால், சார்ஜ் இருந்தும் விழுகிற பேட்டரி என்றால், அதன் காலம் முடிந்தது. வண்டி கிளம்பிய பிறகு 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும், வராவிட்டால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. அப்போது புதுப் பேட்டரி வாங்கிப் போட்டாலும் இரண்டு நாளில் அதே கதைதான்.

நம் ஊரில் பேட்டரி செத்துப்போவது குளிரால் இல்லை, வெயிலால். அக்னி நட்சத்திரத்தில் தகரக் கொட்டகைக்குள் நிற்கிற வண்டியின் பானெட்டுக்குள் இருக்கிற சூட்டை நினைத்துப் பாருங்கள். மூன்றிலிருந்து ஐந்து வருஷம் என்பது பொதுக் கணக்கு, நான் மூன்று முடிந்தாலே ஊருக்கு வெளியே போகும் முன் ஒரு தடவை மீட்டர் வைத்துவிடுவேன்.

ஜம்ப் ஸ்டார்ட்

இன்னொரு வண்டியின் பேட்டரியோடு கேபிள் போட்டு நம் வண்டியைக் கிளப்புவது இது. இதில் ஒரு எச்சரிக்கையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாங்குநேரி பக்கம் நாலுவழிச் சாலையில் நின்றால் உதவிக்கு நிறுத்துவது அநேகமாக ஒரு லாரி டிரைவராகத்தான் இருக்கும். கனரக லாரிகள், பஸ்கள் 24 வோல்ட். நம் கார் 12 வோல்ட். அவர் நல்ல மனசோடு கேபிளை நீட்டினாலும் வாங்காதீர்கள், வண்டியின் கம்ப்யூட்டர் கருகிவிடும். டிராக்டர் 12 வோல்ட்தான். வயக்காட்டு ஓரம் நின்றால் தாராளமாகக் கேட்கலாம்.

வரிசை இது. இரண்டு வண்டியும் ஒன்றையொன்று தொடக் கூடாது, இரண்டும் நிறுத்தியிருக்க வேண்டும். சிவப்பு கேபிளின் ஒரு முனை செத்த பேட்டரியின் ப்ளஸ், மறு முனை நல்ல பேட்டரியின் ப்ளஸ். கறுப்பு கேபிள் நல்ல பேட்டரியின் மைனஸ், அதன் மறு முனை உங்கள் வண்டியின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத ஒரு கெட்டி இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி. செத்த பேட்டரியின் மைனஸிலேயே மாட்டினால் என்ன என்று கேட்பார்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், கடைசி இணைப்பில் பொறி வரும், இரண்டும் ஒரே இடத்தில் இருக்க வேண்டாம். பக்கத்தில் நின்று பீடி பிடிக்கிறவரையும் அதனால்தான் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும். நல்ல வண்டியை ஐந்து நிமிடம் ஓட விட்டு உங்களதைக் கிளப்புங்கள். கழற்றுவது அப்படியே தலைகீழ். கிளம்பிய பிறகு அரை மணி நேரமாவது ஓட்டுங்கள், டீக்கடையில் நிறுத்திவிடாதீர்கள்.

தள்ளி ஸ்டார்ட் செய்வது மேனுவல் கியர் வண்டிக்கு மட்டும், அதுவும் பேட்டரியில் டேஷ்போர்டு லைட் எரிகிற அளவுக்காவது உயிர் இருந்தால் மட்டும். முன்காலத்து அம்பாசடர் மாதிரி இல்லை, இப்போதைய வண்டிக்குப் பெட்ரோல் பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் கரண்ட் வேண்டும். சாவி ஆனில், இரண்டாவது கியர், கிளட்ச் மிதித்தபடி. வேகம் பிடித்ததும் கிளட்சைச் சட்டென்று விட்டு, எடுத்ததும் மறுபடி மிதியுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியைத் தள்ளிப் பிரயோசனமில்லை, தள்ள நிற்கிற அந்த மூன்றாமவரிடம் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

ஒரே 'டக்'

முதலில் என் அண்ணாச்சியின் வித்தை. ஜம்பர் கேபிளில் ஒன்றை எடுத்து ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறு முனையை இன்ஜின் இரும்பிலும் மாட்டி சாவியைத் திருகுங்கள். கிளம்பினால் எர்த் ஒயர்தான் கோளாறு, நட்டைக் கழற்றிச் சுரண்டி இறுக்கினால் முடிந்தது. கிளம்பாவிட்டால் செல்ஃப் மோட்டார். சிலர் வீல் ஸ்பேனரால் மோட்டாரின் உடம்பில் லேசாகத் தட்டிக்கொண்டே சாவி போடச் சொல்வார்கள். அது ஏமாற்று இல்லை, உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்து ஒட்டாமல் இருந்தால் அந்தத் தட்டலில் ஒட்டும். வீடு போய்ச் சேர உதவும், மறுநாளே மோட்டாரைக் கழற்றிப் பிரஷ் மாற்றிவிட வேண்டும். தட்டுகிறவர் வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்போது கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் இறுக்கமாக இருக்கட்டும்.

'டக்'கே இல்லாத கேஸில் ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தால் மூடியின் உட்புறம் படம் போட்டிருக்கும். ஹாரன் ரிலேவும் ஸ்டார்ட்டர் ரிலேவும் பல வண்டிகளில் ஒரே வகை. இரண்டிலும் ஒரே நம்பர் இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். செலவில்லாத பரிசோதனை.

சுற்றுகிறது, எடுக்கவில்லை

சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்பி, பின் சீட்டுப் பக்கம் காதை வையுங்கள். பெட்ரோல் வண்டிகளில் டாங்குக்குள் இருக்கும் பம்ப் இரண்டு மூன்று விநாடி 'ங்ங்' என்று பாடும். பாடவில்லை என்றால் பம்ப் ஃப்யூஸ், பம்ப் ரிலே, கடைசியாகப் பம்ப். எப்போதும் கால் டாங்குக்குக் கீழேயே ஓட்டுகிறவர்களுக்குப் பம்ப் சீக்கிரம் போகும், பெட்ரோல்தான் அதைக் குளிர வைக்கிறது.

பம்ப் பாடுகிறது, பெட்ரோல் வாடையும் தூக்கலாக வருகிறது என்றால் பிளக் நனைந்திருக்கிறது. ஆக்சிலேட்டரைத் தரை வரைக்கும் மிதித்துக்கொண்டு ஐந்து விநாடி செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான இன்ஜெக்ஷன் வண்டிகளில் அப்படி மிதித்தால் பெட்ரோல் தெளிப்பு நின்று காற்று மட்டும் போகும், பிளக் காயும். ஆனால் வண்டிக்கு அடியில் பெட்ரோல் சொட்டினால் எதையும் முயற்சிக்க வேண்டாம், எல்லாரையும் இறக்கித் தள்ளி நிறுத்துங்கள்.

மதியம் மதுரையிலிருந்து வந்து கயத்தாறில் காபி குடித்துவிட்டுத் திருகினால் எடுக்காது, முக்கால் மணி நேரம் ஆறினால் தானாகவே எடுக்கும், இப்படிச் சொல்கிற வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சந்தேகம், இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற கிராங்க் சென்சார் மேல்தான், அடுத்து பம்ப். செல்ஃப் சுற்றும்போது ஆர்.பி.எம். முள் துளிகூட அசையவில்லை என்றால் சந்தேகம் வலுக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும், வண்டியின் கோளாறைப் படிக்க உதவும் ஓ.பி.டி. பிளக்கில் போனோடு இணைகிற சின்ன ஸ்கேனரைச் சொருகினால் பி0335 என்று வரும், அது கிராங்க் சென்சாருக்கான கோடு.

செல்ஃப் வழக்கத்தைவிட லேசாக, வேகமாக, தடையே இல்லாமல் 'வீ' என்று சுற்றினால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். மேலும் சுற்றினால் வால்வும் பிஸ்டனும் மோதலாம், டோயிங் வண்டிதான் ஒரே வழி.

டீசல் வண்டிக்கு வேறு கணக்கு. டாங்க் காய்ந்து நின்றால் டீசல் ஊற்றினாலும் எடுக்காது, லைனில் காற்றடைத்திருக்கும். ஃபில்டர் மேல் கை பம்ப் இருந்தால் கெட்டியாகும் வரை அமுக்குங்கள். இல்லாத வண்டியில் சாவியை ஆன், ஆஃப் என்று நாலைந்து தடவை செய்து அப்புறம் செல்ஃப். சிலிண்டரைச் சூடேற்றும் க்ளோ பிளக்கின் சுருள் படம் போட்ட லைட் அணைந்த பிறகு திருக வேண்டும் என்பார்கள், நம் வெயிலில் அது பெரிய விஷயமில்லை, மாஞ்சோலை மாதிரி மலை மேல் விடிகாலையில் மட்டும் காத்திருங்கள். பங்கில் டீசலுக்குப் பதில் பெட்ரோலை அடித்துவிட்டால் சாவியை ஆன்கூடச் செய்யாதீர்கள், தள்ளி ஓரம் நிறுத்தி டாங்கைக் காலி செய்யுங்கள்.

எலி

நெல்லைச் சீமையில் கார் என்று சொன்னால் பாதிப் பேருக்கு முதலில் கார் பருவ நெல் சாகுபடிதான் நினைவு வரும். வண்டிக் காருக்கும் வயல் காருக்கும் இடையில் நிற்பது எலி. கார் பருவமோ, அடுத்து வரும் பிசானப் பருவமோ, அறுப்பு முடிந்து வயல் வெறிச்சென்று ஆனதும் எலி வீட்டுப் பக்கம் வரும், இன்ஜின் சூடு அதற்கு மெத்தை. தாமிரபரணிப் பாசனத்தில் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, முக்கூடல் பக்கம் வயலை ஒட்டி வீடு இருந்தால், நேற்று வரை நன்றாக ஓடிய வண்டி இன்று காலையில் எடுக்கவில்லை என்றதும் நான் முதலில் கேட்பது எலியைத்தான். பானெட்டைத் திறந்து டார்ச் அடியுங்கள். புழுக்கை, கடித்துத் துப்பிய ஒயர் தோல், தேங்காய் நார், கிழிந்த ஸ்பாஞ்சு இருக்கிறதா? ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் கூடு கட்டியிருந்தால் காற்றே போகாது, அதையும் திறந்து பாருங்கள். செப்புக் கம்பி தெரிகிற ஒயர் இருந்தால் செல்ஃப் அடிக்காமல் மைனஸைக் கழற்றிவிட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள், ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கிற வேலை அது.

தடுக்க ஆளுக்கொரு வைத்தியம்: புகையிலை கட்டுவார்கள், நாப்தலின் உருண்டை போடுவார்கள். வாடை இருக்கிற வரைக்கும்தான் பலன். ராத்திரி பானெட்டைத் திறந்து வைப்பதும், இரண்டு நாளுக்கு ஒருமுறை வண்டியை எடுப்பதும்தான் எனக்குக் கை கொடுத்தது.

கொடைக்கு மட்டும் கிளம்புகிற வண்டி

துபாயிலோ சென்னையிலோ வேலை, வண்டி ஊரில், கோவில் கொடைக்கு வரும்போதுதான் ஓடும். நிறுத்திய வண்டியிலும் கடிகாரம், அலாரம், பாட்டுப் பெட்டி எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டைக் குடிக்கும். 50 மில்லி ஆம்பியர் என்றாலே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. 35 ஆம்பியர் மணி பேட்டரி பதினைந்து நாளில் பாதிக்கு வந்துவிடும். ஒரு மாதத்துக்கு மேல் போகிறீர்கள் என்றால் மைனஸைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். அப்பாவிடம் சொல்லி வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவது உதவாது, வாரம் முழுக்க இறங்கியது அந்த ஐந்து நிமிடத்தில் திரும்ப ஏறாது. ஓட்டினால் அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். தினமும் ஓட்டியும் இறங்குகிறது என்றால், மல்டிமீட்டரை 10 ஆம்பியரில் வைத்து மைனஸுக்கும் அதன் ஒயருக்கும் நடுவில் கோர்த்து, கதவையெல்லாம் பூட்டி அரை மணி விட்டுப் பாருங்கள். 50 மில்லியைவிட நன்றாக மேலே இருந்தால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது முள் இறங்குகிறதோ அந்த லைனில் திருடன் இருக்கிறான். வெளியே வாங்கி மாட்டிய பாட்டுப் பெட்டியும் கேமராவும்தான் பல தடவை சிக்கும்.

தண்ணீரில் நின்ற வண்டி

2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி ஊருக்குள் வந்தது, திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் வண்டிகள் கண்ணாடி வரை மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் பதற்றத்தில் 'எடுக்குதா பாப்போம்' என்று சாவியைத் திருகியவர்கள்தான் அதிகம் நஷ்டப்பட்டார்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெள்ளத்தால் வந்த சேதத்துக்கு முழுக் காப்பீடு கை கொடுக்கும், ஆனால் தண்ணீரோடு ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால் இன்ஜின் பாதுகாப்புக்குத் தனியாகக் கட்டியிருந்தால் ஒழிய இழுபறிதான். ஆகவே சக்கரத்தின் நடுப்பகுதிக்கு மேல் தண்ணீர் ஏறிய வண்டியில் சாவியையே போடாதீர்கள். எட்டும் என்றால் மைனஸைக் கழற்றுங்கள், தண்ணீர் நின்ற மட்டத்தோடு போட்டோ எடுங்கள், காப்பீட்டுக்காரருக்குச் சொல்லி டோயிங்கில் அனுப்புங்கள். ஆயில் டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால், ஆயில் டீ நிறத்தில் நுரைத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033-க்கு அடியுங்கள். வண்டியை ஓரம் கட்டி, ஹசார்டு லைட் போட்டு, எல்லாரும் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். மெக்கானிக்குக்குப் போன் போடும்போது 'வண்டி எடுக்கல அண்ணாச்சி' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'ஒரு டக் வருது, லைட் மங்கல, டெர்மினல் ஆடல' என்று சொல்லுங்கள். வரும்போதே கையில் எதை எடுத்து வர வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.